பேரன் இல்லாத முத்தப்பன்

கொச்சி மட்டாஞ்சேரியில் மங்காட்டுமுக்கு என்ற இடத்தில் சுவரோரமாக ஒரு சிறிய திண்டு இருக்கிறது. சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. வருகிறவர்கள் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள், சுருட்டு வைக்கிறார்கள். கள், சாராயம், அவித்த முட்டை, இறைச்சி, புட்டு என்று அவரவர் நேர்ந்துகொண்டதைப் படைக்கிறார்கள். அங்கே இருப்பவர் காப்பிரி முத்தப்பன். காப்பிரி என்றால் ஆப்பிரிக்கர், முத்தப்பன் என்றால் பாட்டன். போர்ச்சுக்கீசியர் கப்பலில் கொண்டுவந்த ஓர் அடிமையின் ஆவி அது என்பது ஊர் வழக்கு. இந்து, கிறித்தவர், முஸ்லிம் என்ற கணக்கு அங்கே பார்க்கப்படுவதில்லை.

கதை சுருக்கமானது. 1663 ஜனவரியில் டச்சுக்காரர்கள் கொச்சிக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். தப்பியோட வேண்டிய நிலையில் இருந்த போர்ச்சுக்கீசியப் பணக்காரர்கள் பொன்னையும் பொருளையும் மரத்தடிகளிலும் சுவர்களுக்குள்ளும் புதைத்தார்கள். திரும்பி வரும்வரை காவல் வேண்டுமே! அதற்காகத் தங்கள் அடிமைகளைக் கொன்று புதையலோடு சேர்த்துப் புதைத்தார்கள். எஜமானர்கள் திரும்பவே இல்லை. காவலிருக்கும் காப்பிரி இரவுகளில் மதிலின் மேலோ மரக்கிளையிலோ உட்கார்ந்து சுருட்டுப் பிடிக்கிறார், வழி தவறியவர்களுக்கு வழி காட்டுகிறார், தொலைந்ததைக் கண்டெடுக்க உதவுகிறார். யாரையும் அடித்து உயிர் குடிக்கிற ஆவி அல்ல. பயத்தைவிடப் பாசமே இந்தக் கதைகளில் தூக்கலாகத் தெரிகிறது.

கொச்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் இந்தத் திண்டைக் காட்டி, ஆப்பிரிக்கச் சமயம் இந்திய மண்ணில் உயிரோடிருப்பதற்கு இதுவே சாட்சி என்று முடித்துவிடுகிறார்கள். அது அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடக்கூடியதா? ஆப்பிரிக்க மரபுச் சமயங்களில் முதியவரும் முன்னோரும் வழிகாட்டும் முறைக்கென்று ஓர் இலக்கணம் உண்டு. அந்த இலக்கணத்தில் எவ்வளவு மட்டாஞ்சேரிக்கு வந்து சேர்ந்தது, எவ்வளவு கடலில் போயிற்று என்று பார்த்தால்தான் காப்பிரி யார் என்பது விளங்கும்.

போர்ச்சுக்கீசியக் கொச்சிக்கு வந்த ஆப்பிரிக்கர்களில் பெரும்பகுதியினர் மொசாம்பிக் கரையிலிருந்து வந்தவர்கள். 1583 முதல் 1588 வரை கோவாவில் இருந்த லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரர், மொசாம்பிக்கிலிருந்து அடிமைகள் கொண்டுவரப்பட்டு இந்தியாவில் விற்கப்பட்டதை எழுதியிருக்கிறார். அவர்கள் விட்டுவந்த ஊர்களில் சமயம் எப்படி இருந்தது என்பதற்கும் அதே காலத்துச் சாட்சி ஒருவர் இருக்கிறார். ஜோவாவ் தோஸ் சாந்தோஸ் என்ற டொமினிகன் பாதிரியார் 1586 முதல் சுமார் பத்தாண்டுக் காலம் சோஃபாலாவிலும் ஜாம்பெசிக் கரையிலும் வாழ்ந்தார். 1609இல் எவோராவில் அச்சான அவருடைய ‘எத்தியோப்பியா ஓரியென்டல்’ என்ற நூலில் கித்தேவே நாட்டு அரசனைப் பற்றி ஒரு பகுதி வருகிறது. அரசன் ஆண்டுதோறும் தன் முன்னோர் புதைக்கப்பட்ட மலைக்குப் போகிறான். சில நாட்கள் விருந்தும் குடியும் நடக்கின்றன. பிறகு இறந்த அரசன் கூட்டத்தில் ஒருவன்மேல் இறங்கி, உயிரோடிருந்தபோது பேசிய அதே தோரணையில் பேசுகிறான். மற்றவர்கள் விலகிக்கொள்ள, வாரிசு அவனோடு தனியே உட்கார்ந்து போர் வருமா, பஞ்சம் வருமா என்று யோசனை கேட்கிறான். பாதிரியாருக்கு இது சாத்தானின் வேலை. ஆனாலும் நடந்ததை விவரமாக எழுதிவைத்தாரே, அதற்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் கோயில் கொடையில் சாமியாட்டம் பார்த்தவர் யாரும் இதைப் படித்து மிரள மாட்டார்கள்.

அரசர்களை விடுவோம், குடிகள் என்ன செய்தார்கள்? மொசாம்பிக்கின் வடபகுதியில் வாழும் மகுவா மக்கள் தாய்வழிச் சமூகத்தினர். குலத்தின் மூத்த பெண் மரத்தடியில் சோளமாவை இட்டு முன்னோரைப் பெயர் சொல்லி அழைப்பாள். அவர்களுக்கு அண்டையில் வாழும் யாவோ மக்களிடமும் மாவுப் படையல் உண்டு. மாவை மெல்லக் கொட்டும்போது அது கூம்பாகக் குவிகிறதா, இரவு கடந்தும் சரியாமல் நிற்கிறதா என்று பார்ப்பார்கள். நின்றால் முன்னோர் சம்மதம். பயணம் கிளம்பலாம். சரிந்தால் பயணத்தைத் தள்ளிவைக்க வேண்டியதுதான். இந்த விவரங்கள் 19ஆம் நூற்றாண்டிலும் அதற்குப் பின்னும் பதிவானவை. முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பும் அச்சு அசலாக இப்படியே இருந்தது என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் தோஸ் சாந்தோஸின் சாட்சியத்தோடு சேர்த்துப் பார்க்கும்போது அடிப்படை மாறவில்லை என்று தெரிகிறது. இறந்தவர் தன் குலத்தின் மூத்தவர், அவரிடம் கேட்கலாம், அவர் பதில் சொல்வார்.

இகோர் கோப்பிடாஃப் என்ற மானிடவியலாளர் 1971இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விஷயத்தில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. காங்கோவின் தென்மேற்கிலுள்ள சுக்கு மக்களிடையே ஆய்வு செய்தவர் அவர். முன்னோர் ‘வழிபாடு’ என்று நாம் சொல்வது வழிபாடே அல்ல என்றார். உயிரோடிருக்கும் பெரியவருக்கு இளையவர் காட்டும் மரியாதை, அவரிடம் வைக்கும் கோரிக்கை, அவர்மேல் படும் கோபம் எல்லாம் அவர் இறந்த பிறகும் அப்படியே தொடர்கின்றன. கல்லறையில் நின்று பேசும்போதுகூட மந்திரம் கிடையாது. வீட்டுப் பெரியவரிடம் முறையிடுகிற பேச்சுதான். இரண்டே ஆண்டுகளில் ஜேம்ஸ் பிரெய்ன் என்பவர் இதை மறுத்து, கிழக்கு ஆப்பிரிக்காவில் பலர் முன்னோரையும் முதியோரையும் வேறுபடுத்தியே பேசுகிறார்கள் என்று காட்டினார். மறுப்பு நியாயமானதே. இருந்தாலும் கோப்பிடாஃப் தொட்ட இடம் முக்கியமானது என்று நினைக்கிறேன். முன்னோரின் அதிகாரம் அவர் ஆவி என்பதால் வருவதல்ல, மூத்தவர் என்பதால் வருவது. உறவு இல்லாதவருக்கு அவர் மூத்தவரும் அல்ல.

வழிகாட்டுதல் என்பது நடைமுறையில் எப்படி நடக்கும் என்பதற்கு மானிடவியலாளர் விக்டர் டர்னர் 1968இல் வெளியிட்ட ‘துன்பத்தின் முரசுகள்’ என்ற பொருள்படும் நூல் நல்ல எடுத்துக்காட்டு. இன்றைய ஜாம்பியாவில் வாழும் ந்டெம்பு மக்களிடம் ஒருவருக்கு உடம்பு தீரவில்லை என்றால், இறந்துபோன வேட்டைக்காரர் ஒருவரின் பல் அவர் உடலுக்குள் புகுந்து கடிக்கிறது என்பார்கள். வைத்தியர் கொம்பு வைத்து இரத்தம் உறிஞ்சி அந்தப் பல்லை எடுக்க வேண்டும். ஆனால் பல் உடனே வராது. ஊரார் ஒவ்வொருவராக முன்னால் வந்து, நோயாளிமீது தாங்கள் வைத்திருக்கும் வன்மத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நோயாளியும் தன் மனக்குறையைச் சொல்ல வேண்டும். எல்லாம் வெளியே வந்தபிறகுதான் பல் வரும். இங்கே முன்னோர் வரம் தருகிறவர் அல்ல, பஞ்சாயத்து வைக்கிறவர். ‘உன் தம்பியோடு பேசாமல் இருக்கிறாயே, அதைச் சரிசெய்’ என்பது அவர் தரும் மருந்து. படையல் இதற்கு முன்னுரைதான்.

இனி மட்டாஞ்சேரிக்குத் திரும்பலாம். அங்கே படைக்கப்படும் பொருள்களைக் கொண்டு ஆப்பிரிக்கத் தொடர்பை நிறுவ முடியுமா? முடியாது என்றே சொல்வேன். சுருட்டும் சாராயமும் சுடலைமாடனுக்கும் முனியாண்டிக்கும் கருப்பசாமிக்கும் வைப்பவைதான். கால்டுவெல் பதிவு செய்த ஒரு செய்தி இதைவிடச் சுவையானது. 1809இல் திருவிதாங்கூர் எல்லைக் காவல் அரண்களைத் தாக்கியபோது காயப்பட்டு இறந்த போல் என்ற ஆங்கிலேய அதிகாரியைத் திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் ஆவியாக வழிபட்டார்களாம். படையல் சாராயமும் சுருட்டும். அகாலமாக, கொடுமையாகச் செத்தவர் அந்நியராக இருந்தாலும் அவர் உயிரோடிருந்தபோது எதை விரும்பியிருப்பாரோ அதைக் கொடுத்துச் சாந்தப்படுத்துவது தென்னிந்திய முறை. அதன்படி பார்த்தால் போல் துரையும் காப்பிரியும் ஒரே பந்தியில் உட்கார்கிறவர்கள். புகையிலையே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பியக் கப்பலேறி வந்ததுதானே! மெழுகுவர்த்தி லத்தீன் கத்தோலிக்கரின் கொடை. புட்டு எங்கிருந்து வந்தது என்று மலையாளிகளிடம் கேட்டால் அடிப்பார்கள்.

புதையல் கதையும் கொச்சிக்கு மட்டும் சொந்தமானதல்ல. புதையலுக்கு நரபலி, அதைக் காக்கும் பூதம் என்பதெல்லாம் தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் கேட்கக் கிடைப்பவை. கடல் கடந்து தென்னமெரிக்காவின் கயானாவுக்குப் போனால் அங்கே பெரிய இலவ மரங்களை ‘டச்சுக்காரன் மரம்’ என்பார்கள். டச்சுத் தோட்ட முதலாளிகள் அவற்றின் அடியில் பொன்னைப் புதைத்து, காவலுக்கு அடிமைகளைக் கொன்று புதைத்தார்கள் என்பது கதை. கொச்சியில் டச்சுக்காரருக்குப் பயந்து போர்ச்சுக்கீசியர் செய்ததை, கயானாவில் டச்சுக்காரரே செய்கிறார்கள். ஆகவே 1663இல் இன்ன தெருவில் இன்னாரைக் கொன்றார்கள் என்று வரலாறாக வாசிப்பது வீண். அடிமையின் உயிர் எஜமானின் பெட்டியைவிட மலிவாக இருந்தது என்ற செய்தியை மட்டும் இரண்டு கரைகளும் ஒரே உருவத்தில் சொல்லிவைத்திருக்கின்றன. அந்த அளவில் கதை பொய் சொல்லவில்லை.

மரத்தடி ஒன்றுதான் மிச்சம். காப்பிரியின் கதைகளில் மரம் வந்துகொண்டே இருக்கிறது. மகுவா குலத்து மரத்தடியோடு அதை முடிச்சுப்போட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் மரத்தடியில் தெய்வம் இல்லாத ஊர் நம் பக்கத்தில் எங்கே இருக்கிறது?

ஆப்பிரிக்கரின் வழிவந்தவர்கள் சமூகமாக வாழும் இடங்களைப் பார்த்தால் மட்டாஞ்சேரியில் இல்லாதது எது என்று பளிச்சென்று தெரிகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு, அங்கோலா பகுதிகளில் சித்திகள் வாழ்கிறார்கள். அவர்களில் இந்துக்கள், முஸ்லிம்கள், கத்தோலிக்கர்கள் என மூன்று பிரிவினரும் உண்டு. 2003இல் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். சமயம் மூன்றாக இருந்தாலும் ‘ஹிரியரு’ என்ற முன்னோருக்குச் செய்யும் சடங்கு அவர்களைச் சேர்த்துவைக்கிறது என்று கானாவைச் சேர்ந்த ஆய்வாளர் பாஷிங்டன் ஓபெங் 2007இல் வெளிவந்த தன் நூலில் எழுதினார். குடும்பத்தார் கூடவேண்டும், சண்டையிட்டுப் பிரிந்தவர்களும் வரவேண்டும். ஓர் ஆப்பிரிக்கர் கண்ணால் பார்த்து எழுதியது என்பதால் ஓபெங்கின் சாட்சியத்துக்குக் கூடுதல் மதிப்புத் தருகிறேன். வடிவம் முழுக்கக் கன்னட நாட்டு வடிவம். வேலை மட்டும் டர்னர் சொன்ன வேலை.

குஜராத்தின் பரூச் மாவட்டத்தில் ரத்தன்பூர் குன்றின்மேல் பாவா கோர் தர்கா இருக்கிறது. அகேட் கல் வியாபாரத்தோடு தொடர்புடைய ஆப்பிரிக்கப் பெரியவர் அவர். அவருடைய சகோதரி மாய் மிஸ்ராவிடம் பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் போகிறார்கள். சீதிகள் என்று அழைக்கப்படும் குஜராத்தின் ஆப்பிரிக்க வழியினர் அங்கே ஃபக்கீர்களாக இருக்கிறார்கள். பேய் பிடித்தவர்கள், மனம் பேதலித்தவர்கள், வழக்கில் சிக்கியவர்கள் எல்லோரும் வருகிறார்கள், நாள்கணக்கில் தங்குகிறார்கள். மானிடவியலாளர் ஹெலீன் பாசு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். சீதிகளின் ஆட்டத்துக்கு ‘கோமா’ என்றே பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவில் முரசையும் ஆட்டத்தையும் குறிக்கும் ‘ங்கோமா’தான் அது. சூஃபி சட்டை போட்டுக்கொண்டாலும் உள்ளே இருக்கிறவர் யார் என்று முரசு காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காப்பிரியின் உண்மையான சகோதரர் இந்தியாவில் இல்லை, பிரேசிலில் இருக்கிறார். 1908இல் செலியு டி மொரைஸ் என்ற இளைஞரோடு தொடங்கியதாகச் சொல்லப்படும் உம்பாண்டா சமயத்தில் ‘பிரேட்டு வேல்யு’ என்ற ஆவிகள் உண்டு. கறுப்புக் கிழவர், கிழவி. அடிமைகளாக வாழ்ந்து இறந்தவர்கள். சாமி வந்தவர் முதுகு கூனி, சிறு முக்காலியில் உட்கார்ந்து, சுங்கான் புகைத்தபடி தாழ்ந்த குரலில் பேசுவார். வருகிறவர்கள் ‘அப்பா’, ‘பாட்டி’ என்று அழைத்து எதிரே உட்கார்ந்து குடும்பத் தகராறு, வேலை, நோய் எல்லாவற்றுக்கும் யோசனை கேட்பார்கள். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்த 1888ஆம் ஆண்டு மே 13ஆம் நாளின் நினைவாக அதே தேதியில் அவர்களுக்கு விழா. போர்ச்சுக்கீசிய அடிமை வணிகம், புகை, பாட்டன் முறை என்று மட்டாஞ்சேரிக்கு இவ்வளவு நெருக்கமான இன்னொரு உருவத்தை நான் அறியேன். ஆனால் அவர் பேசுகிறார். பொறுமையாக இரு, மன்னித்துவிடு என்கிறார். சில நேரம் கடிந்தும் கொள்கிறார்.

மட்டாஞ்சேரிக் காப்பிரி பேசுவதில்லை. அவர் இறங்கி ஆடும் சாமியாடி இல்லை, குறி சொல்கிறவர் இல்லை. வந்தவர் வேண்டிக்கொள்கிறார், நடந்தால் சுருட்டோடு திரும்பி வருகிறார். இத்தனைக்கும் கேரளம் பேசாத தெய்வங்களின் நாடல்ல. கண்ணூர் பரசினிக்கடவில் இன்னொரு முத்தப்பன் இருக்கிறார். மீனும் கள்ளும் அவருக்கும் படையல்தான். அவர் தெய்யமாக வந்து, பக்தரின் கையைப் பிடித்துக்கொண்டு, காதோடு காதாகக் குறை கேட்டு ஆறுதல் சொல்வார். பாட்டன் என்ற பட்டத்தைக் கொடுத்த மலையாளம், காப்பிரிக்கு வாயைக் கொடுக்கவில்லை.

காரணம் அவருடைய வரலாற்றிலேயே இருக்கிறது. சொந்தக் குலம் இல்லாத முன்னோர் பேச முடியாது, யாருடைய வாயால் பேசுவார்? மொசாம்பிக்கிலிருந்து வந்தவர்கள் ஒரே ஊரார் அல்ல, ஒரே மொழிக்காரரும் அல்ல. ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரை மாற்றினார்கள், வெவ்வேறு வீடுகளுக்கும் கப்பல்களுக்கும் விற்றார்கள். உத்தர கன்னடத்துச் சித்திகளின் முன்னோர் காட்டுக்குள் தப்பியோடி ஊர் அமைத்தார்கள், குஜராத்தில் தர்காவைச் சுற்றிச் சமூகம் உருவாயிற்று. கொச்சியில் அப்படி ஒரு சமூகம் நிலைக்கவில்லை. இருந்தவர்கள் கத்தோலிக்கக் குடும்பங்களுக்குள் கலந்து மறைந்திருக்க வேண்டும். சமூகம் இருந்தால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. இலங்கையில் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழும் காப்பிரியர் இன்றும் தங்களை ஆப்பிரிக்க வழியினர் என்று அறிந்தவர்கள். கத்தோலிக்கர்களான அவர்களிடம் போர்ச்சுக்கீசியக் கலப்பு மொழியில் ‘மாஞ்சா’ பாடல்கள் மிஞ்சின. குறி சொல்லும் முதியவர் மிஞ்சவில்லை.

எனவே மங்காட்டுமுக்கில் இருப்பதை ஆப்பிரிக்கச் சமயத்தின் எச்சம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆப்பிரிக்கர் ஒருவரைப் பற்றிய தென்னிந்தியச் சமயம் என்று சொல்லலாம். மேற்குக் கரையிலுள்ள ஆப்பிரிக்க ஆவிகளையும் தர்காக்களையும் ஆராய்ந்த நீலிமா ஜெய்சந்திரன் போன்றவர்கள் இந்த இடங்களை, எழுத்தில் இடம்பெறாத ஆப்பிரிக்கரின் நினைவு தங்கியிருக்கும் இடங்களாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையை ஏற்கிறேன். ஆனால் யாருடைய நினைவு என்று கேட்டாக வேண்டும். நினைவில் வைத்திருப்பவர்கள் அவருடைய பேரப்பிள்ளைகள் அல்லர், மட்டாஞ்சேரியின் மீன்காரர்கள், சுமைதூக்குவோர், கூலிக்காரர்கள், வீட்டுப் பெண்கள். உறவு இல்லாதவரைப் பாட்டன் என்று அழைத்து உறவாக்கிக்கொண்டவர்கள் அவர்கள்.

அவர்களில் பலருக்கு அடிமை வாழ்வு கேள்விப்பட்ட கதை மட்டுமல்ல. கொச்சி அரசு 1854இலும் திருவிதாங்கூர் 1855இலும் அடிமைமுறையை ஒழிக்கும்வரை புலையரும் பறையரும் நிலத்தோடு சேர்த்தும் தனியாகவும் விற்கப்பட்டார்கள். பொய்கையில் யோஹன்னான் (1879–1939) அந்த அடிமைக்கால நினைவையே மையமாக வைத்துப் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைக் கட்டினார். பாட்டும் உரையுமாக, தாயும் தந்தையும் பிள்ளையும் பிரித்து விற்கப்பட்ட துயரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்று அவரையே தெய்வமாக வழிபடுகிறார்கள். வரலாற்றாய்வாளர் சனல் மோகன் 2015இல் வெளியிட்ட ஆங்கில நூலில் இதை விரிவாகக் காட்டியிருக்கிறார். காப்பிரியைப் பாட்டனாக்கியவர்கள் தங்கள் துயரத்தின் சாயலை அவரிடம் கண்டிருக்கலாம் என்பது என் ஊகம். அப்படியானால் அவர் வழிகாட்டும் முறையும் புரிகிறது. ஆப்பிரிக்க முன்னோர் உறவினரிடம் கடமையைக் கேட்கிறவர். காப்பிரிக்கு இங்கே யாரும் கடமைப்பட்டவர் இல்லை, ஆகவே அவர் எதையும் கண்டிப்பாகக் கேட்பதில்லை. இருட்டில் வழி தெரியாதவருக்கு வழி சொல்கிறார், அவ்வளவுதான்.

கடைசியாக டச்சுக்காரர்களைப் பற்றி ஒன்று. கதையில் அவர்கள் கோட்டை வாசலில் நின்றுவிடுகிறார்கள், குற்றம் முழுக்கப் போர்ச்சுக்கீசியர் தலையில். ஆனால் 1663க்குப் பிறகு அதே கொச்சியிலிருந்து டச்சுக் கப்பல்கள் மலபார் அடிமைகளை ஆப்பிரிக்காவுக்கு ஏற்றிப்போயின. லிண்டா எம்பெக்கியும் மத்தியாஸ் வான் ரோசமும் 2017இல் வெளியிட்ட ஆய்வு கொச்சியின் அடிமை விற்பனைப் பத்திரங்களை ஆராய்கிறது. கேப் டவுனில் அந்த அடிமைகளின் பெயருக்குப் பின்னால் ‘வான் மலபார்’ என்று எழுதப்பட்டது. பெற்றோர் வைத்த பெயர் பெரும்பாலும் போயிற்று. அங்கே அவர்களுக்கும் சொந்த முன்னோரின் மண் கிடையாது. அடிமைகளில் பலர் இஸ்லாத்தைத் தழுவினார்கள். 1694இல் நாடு கடத்தப்பட்டுக் கேப்புக்கு வந்து 1699இல் இறந்த மக்காசரின் ஷேக் யூசுஃபும் அவரைப் போன்றவர்களும் அடங்கிய இடங்கள் கேப் டவுனைச் சுற்றி ‘கிராமத்’ என்ற பெயரில் இருக்கின்றன. மலபார், வங்காளம், ஜாவா என்று பல ஊர்களிலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகள், பயணத்துக்கு முன்பும் மனக்குழப்பத்திலும் அங்கே போய்ப் பச்சைத் துணி போர்த்திவிட்டு வருகிறார்கள்.